இரண்டு இழையிலும் இருக்கிறதா?

ஒரு புற்றுக்கட்டியின் டிஎன்ஏ தரவு என் கணினிக்கு வந்தால், எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று உடனே தேட மாட்டேன். முதலில் 96 பட்டைகள் கொண்ட ஒரு வரைபடத்தைப் போட்டுப் பார்ப்பேன். டிஎன்ஏவில் ஓர் எழுத்து இன்னொன்றாக மாறுவதில் ஆறு வகை உண்டு. மாறிய எழுத்துக்கு முன்னால் எது, பின்னால் எது என்று பிரித்தால் 96. எந்தப் பட்டை உயர்ந்து நிற்கிறது என்பதிலேயே அந்தத் திசு பட்ட பாடு தெரிந்துவிடும். வெயில் பட்ட தோலில் ஒரு வடிவம், புகை பட்ட நுரையீரலில் வேறொன்று.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்ததும் துள்ளுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: “இது இரண்டு இழையிலும் இருக்கா?”

காயம் வேறு, பிறழ்வு வேறு. காயம் பெரும்பாலும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஓர் இழையில்தான் படும். ஒரு வேதிப்பொருள் எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும், அல்லது எழுத்தே சிதையும். எதிர் இழை நன்றாக இருப்பதால் அதைப் பார்த்துச் செல் சரிசெய்துவிடும். நம் ஒவ்வொரு செல்லிலும் தினமும் ஆயிரக்கணக்கில் இது நடக்கிறது. பழுது பார்க்கும் முன்பே செல் பிரிய நேர்ந்தால்தான் சிக்கல். சிதைந்த எழுத்துக்கு எதிரே தவறான ஜோடி வந்து உட்காரும். அடுத்த பிரிவில் அந்தத் தவறுக்கும் பொருத்தமான ஜோடி அமையும். இப்போது இரண்டு இழையும் ஒத்துப்போகின்றன. தவறென்று கண்டுபிடிக்கச் செல்லுக்கு வழியே இல்லை.

எங்களுக்குப் பெரிய தொல்லை, கட்டி உடம்பை விட்டு வெளியே வந்த பிறகு படும் காயங்கள்தான். அறுவை முடிந்ததும் திசுவை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து வைப்பார்கள். நுண்ணோக்கியில் பார்க்க அது அருமையான முறை, டிஎன்ஏவுக்கு ஆகாது. ஃபார்மலின் பட்டால் சி எழுத்து சிதைந்து, டிஎன்ஏவைப் படிக்கும் கருவியில் டி என்று படியும். டிஎன்ஏவைத் துண்டாக்க ஒலி அதிர்வு கொடுக்கும்போது ஜி ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதுவும் டியாகப் படிவதுண்டு. இரண்டும் நோயாளி பட்டவை அல்ல, நாங்கள் உண்டாக்கியவை. இரு இழைகளிலிருந்தும் கருவி படித்த வரிகளைத் தனித்தனியே பிரித்தால், இவை பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே நிற்கும். அலுப்பான வேலைதான். எனக்கு அது பிடிக்கும்.

இப்படிப் பொறுமையாகப் படித்ததில் எங்கள் சிங்கப்பூருக்குப் பெருமை சேர்த்தது அரிஸ்டோலோக்கிக் அமிலம் பற்றிய ஆய்வு. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மூலிகை மருந்து சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த, இந்த அமிலம் உள்ள அரிஸ்டோலோக்கியா மூலிகை ஒன்று கலந்திருந்தது. பின்னர் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. 2013இல் சிங்கப்பூர்த் தேசியப் புற்றுநோய் நிலையமும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியும் தைவான் மருத்துவர்களோடு சேர்ந்து, அந்த அமிலம் பட்ட கட்டிகளைப் படித்தன. தே பின் தியான், ஸ்டீவன் ரோசன் ஆகியோரின் குழு அது. மாறிய எழுத்துகளில் பெரும்பாலும் ஏ இருந்த இடத்தில் டி. பத்து லட்சம் எழுத்துக்குச் சுமார் 150 பிறழ்வுகள். ஒப்பிட்டால், புகையால் வந்த நுரையீரல் புற்றில் 8, வெயிலால் வந்த மெலனோமா என்ற தோல் புற்றில் 111. 2017இல் அதே கூட்டணி தைவானின் 98 கல்லீரல் கட்டிகளைப் பார்த்தபோது 78 விழுக்காட்டில் அந்தத் தடம் இருந்தது.

அந்தக் கட்டிகளின் பிறழ்வுகளில் நான் ரசிப்பது இன்னொரு நுணுக்கம். மரபணுவைப் படியெடுக்கும் இயந்திரம், ஒட்டிக்கொண்ட அமிலத்தில் முட்டி நின்றால்தான் பழுது பார்ப்பவை வருகின்றன. மற்ற இடங்களைச் சுற்றிவரும் காவல் புரதங்களுக்கு இந்தக் காயம் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே படியெடுக்கப்படும் இழையின் ஏ எழுத்துகளில் பிறழ்வு குறைவு, எதிர் இழையின் ஏ எழுத்துகளில் அதிகம். விஷம் எது என்பதோடு, உடம்பு எங்கே போராடிப் பார்த்தது என்பதும் பதிவாகியிருக்கிறது.

தமிழர் கூடும் தேக்காவில் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால், “அது சீன மருந்து சமாச்சாரம், நமக்கென்ன தம்பி?” என்பார்கள். ஆனால் நம் மூலிகைகளான ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டோலோக்கியா பேரினம்தான். இரண்டிலும் அந்த அமிலம் இருக்கிறது. மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்ற வாதத்தை இந்த வரைபடத்துக்கு முன்னால் நிறுத்த முடியாது.

இதுவரை சொன்னவை ஓர் இழையில் படும் காயங்கள். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் கதை வேறு. பார்த்துத் திருத்த எதிர் இழை இல்லை. பிரதியெடுத்த உடன்பிறப்புக் குரோமோசோமைத் தேடிப் போக வேண்டும். அதற்கு பிஆர்சிஏ2 புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் குரோமோசோம்கள் கண்டபடி ஒட்டி, துண்டு துண்டாக இடம் மாறும். இப்படிக் காக்கும் மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டால்தான் புற்று என்பது 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் சொன்ன கணக்கு. வேலூர் சிஎம்சியில் மருத்துவம் படித்த அசோக் வெங்கிடராமன், சிங்கப்பூர்ப் புற்றுநோய் அறிவியல் கழகத்தில் தம் குழுவோடு செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கணக்கில் ஓட்டை போட்டது. செல் சர்க்கரையை எரிக்கும்போது உண்டாகும் மெத்தில்கிளையாக்சால், பிஆர்சிஏ2 புரதத்தைத் தற்காலிகமாகச் சிதைத்துவிடுகிறது. மரபணு கெடவில்லை, புரதம் மீண்டும் வந்துவிடும். ஆனால் அது இல்லாத அந்த இடைவெளியில் விழுந்த பிறழ்வுகள் நிலைத்துவிடுகின்றன.

நீரிழிவு அதிகமுள்ள நம் சமூகத்தில் இதை யாரும் சும்மா கடந்துபோக முடியாது. ஆனாலும் பெரும்பாலும் செல்களிலும் எலியிலும் கண்டதை வைத்துச் சோற்றுத் தட்டுக்குச் சட்டம் எழுத நான் தயாரில்லை.

இப்போது என் ஆசையெல்லாம் இரட்டை இழை வாசிப்பின் மேல். 2012இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. ஒவ்வொரு துண்டின் இரு இழைக்கும் தனி அடையாளம் ஒட்டி, இரண்டும் ஒரே மாற்றத்தைச் சொன்னால் மட்டும் ஏற்றுக்கொள்ளும். கட்டி வரும் முன்பே, நல்ல திசுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் பிறழ்வுகளைக்கூட எண்ணலாம். ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருப்பதால் செலவு பல மடங்கு. மானிய விண்ணப்பத்தில் அந்த வரியைத்தான் முதலில் வெட்டச் சொல்கிறார்கள்.