எழுபது கொண்டை ஊசிகள்

கொண்டை ஊசியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் ஒரே மலையில் எழுபது கொண்டை ஊசிகளைப் பார்த்ததுண்டா? நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு வாருங்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காட்டுக்குள் 70 வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. வல்வில் ஓரி ஆண்ட மலை அல்லவா? பாதையும் வில்லாகவே வளைகிறது!

ஏறும்போது ஒரு சிரமமும் இல்லை. நான் சாரதி, பக்கத்தில் மனைவி, பின்னால் பையன். அறப்பளீசுவரரைத் தரிசித்தோம். ஆகாய கங்கை அருவியில் ஆசை தீரக் குளித்தோம். அருவிப் படிகளில் இறங்கி ஏறிய முழங்கால்கள் இரண்டும் முறையிட்டதால், மறுநாள்தான் கிளம்பினோம்.

இறங்குவதுதானே, சுலபம் என்று எண்ணிவிட்டேன். மேல் கியரில் காரை ஓடவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். நாற்பதாம் எண் பலகை தாண்டியதும் ஏதோ தீய்ந்த நாற்றம். மறுபடி மிதித்தேன். பிரேக் மெத்தென்று உள்ளே போயிற்று! கார் நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் அல்ல. தடுப்புச் சுவருக்கு இன்னும் இரண்டு முழந்தான் பாக்கி. அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு.

முதல் கியரில் மெள்ள ஊர்ந்து, அகலமான ஓரத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பெட்டியைத் திறந்து, காரோடு கொடுத்த கைப்புத்தகத்தை எடுத்தாள். இரண்டு வருஷமாகியும் நான் உறை பிரிக்காத புத்தகம்! பிரித்து, பக்கம் தேடி உரக்கப் படித்தாள்.

விஷயம் இதுதான். பிரேக்கை ஓயாமல் மிதித்தால் சூடேறிப் பிடிப்புக் குறையும். அதிலுள்ள எண்ணெயே கொதித்துக் குமிழி விடும். இறக்கத்தில் கீழ் கியரில் வந்தால், இஞ்சினே காரை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடி போயிற்று. இஞ்சினை அணைத்தாலோ, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அது தரும் உதவியும் போயிற்று. பெட்ரோல் மிச்சமாகும் என்பார்கள், நம்பாதீர்கள். இக்காலத்துக் கார்கள் கியரில் இறங்கும்போது தாமாகவே பெட்ரோலை நிறுத்திக்கொள்கின்றன.

ஏ.பி.எஸ். உள்ள காரில், அவசரத்தில் பிரேக்கை அழுத்தியே வைத்திருக்கவேண்டும். காலுக்கடியில் அது துடிக்கும். பயந்து காலை எடுக்கக் கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கே அந்தத் துடிப்பு.

இதற்குள் பையன் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டிருந்தான். "காற்றுப் பைதான் இருக்கிறதே, அப்பா!" என்றான். வாரை மாட்டியவருக்குத்தான் காற்றுப் பை துணை. மாட்டாதவருக்கு அதுவே அடியாகலாம். மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இந்த வாரை 1959-ல் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் அமைத்துக் கொடுத்தார். பின் ஆசனத்துக்கும் அது அவசியந்தான். அவன் அம்மாவே திரும்பி மாட்டிவிட்டாள்.

பிரேக் ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு இரண்டாவது கியர். மேலே ஏறி வருகிறவர்களுக்கு வழி விட்டு, ஆற அமர இறங்கினோம். முதல் எண் பலகை வந்தபோது பிரேக்கில் நாற்றமில்லை. என் வாயில் வீறாப்பும் இல்லை.

இப்போது அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் சமையல் குறிப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் காரிலும் உறை பிரிக்காமல் ஒன்று இருக்கும். மலைக்குக் கிளம்புமுன் நீங்களே பிரித்துப் படித்துவிடுங்கள், சாரதியை நம்பவேண்டாம்!