கணபதியில் ஒரு பேட்டர்ன் பட்டறை

கோயம்புத்தூரில் பேட்டர்ன் செய்கிறவர்களிடம் இருக்கும் ஸ்கேலில் 300 மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கும். கடையில் வாங்கிய ஸ்கேலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 303 காட்டும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். உருக்கி ஊற்றிய வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் அளவுகோலையே நீட்டி வைத்துவிட்டார்கள். இரும்புக்கு ஒரு கோல், அலுமினியத்துக்கு ஒரு கோல், பித்தளைக்கு ஒரு கோல். அலுமினியமும் பித்தளையும் இரும்பைவிட அதிகம் சுருங்கும். எஃகு இன்னும் அதிகம், நூற்றுக்கு இரண்டு பங்கு.

வார்ப்பு என்றதும் எல்லோருக்கும் உருகிய இரும்பும் பறக்கும் பொறியும்தான் கண்ணில் வரும். அதற்கு வெகு முன்பே, மரத்தூள் படிந்த ஒரு சின்னக் கூடத்தில் முக்கால்வாசி விஷயம் முடிவாகிவிடுகிறது. மணலில் எந்த உருவத்தைப் பதித்து எடுத்து அந்தக் குழியில் இரும்பை ஊற்றுகிறார்களோ, அந்த உருவத்தை மரத்தில் செய்பவர் எடுக்கும் முடிவுகள் அவை. அந்த மர உருவம்தான் பேட்டர்ன்.

நான் பொருள் வடிவமைப்பு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு எடுத்துக்கொண்ட வேலை, நின்றபடியே பயன்படுத்தக்கூடிய தேங்காய்த் துருவி. முழங்கால் தேய்ந்தவர்களால் தரையில் அருவாமனை போட்டு உட்கார முடிவதில்லை. மேடையை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் அடி வைத்த துருவிகள் வழவழப்பான கிரானைட்டில் நிற்கும். சொரசொரப்பான சிமென்ட் மேடையில் பிடி விட்டுவிடும். ஆகவே தன் எடையாலேயே அசையாமல் நிற்கும் உடல் வேண்டும் என்று முடிவு செய்தேன். விலைக்கும் எடைக்கும் வார்ப்பிரும்புதான் சரி.

அட்டை, ஃபோம், 3டி பிரிண்ட் என்று படிப்படியாகப் போனேன். அட்டையில் வெட்டி நிறுத்தியபோது கைப்பிடி எந்த உயரத்தில் இருந்தால் தோள் தூக்காமல் சுற்ற முடியும் என்று தெரிந்தது. ஃபோமில் பிடியின் பருமன் தெரிந்தது. பிரிண்ட் எடுத்த உடலில் தண்டையும் பல்லையும் மாட்டிச் சுற்றியும் பார்க்க முடிந்தது. எடையை மட்டும் இவை எதுவும் சொல்வதில்லை. பிரிண்டரில் ஓடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கின் அடர்த்தி சுமார் 1.24, வார்ப்பிரும்பினுடையது 7.2 அளவில். ஏறத்தாழ ஆறு மடங்கு. தேங்காய் மூடியை அழுத்தியதும் பிளாஸ்டிக் உடல் மேசையில் ஓடுகிறது. இதற்கு மேல் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் இரும்பிலேயே செய்தாக வேண்டும். கல்லூரிப் பயிலகத்தில் அதற்கு வழியில்லை.

அதற்காகக் கோயம்புத்தூரின் கணபதிப் பகுதிக்குப் போனேன். அங்குள்ள சந்துகளில் நடந்தால் ஒரு கதவுக்குள் லேத் ஓடும், அடுத்த கதவுக்குள் கிரைண்டிங், அதற்கடுத்து பெயின்ட். பேட்டர்ன் பட்டறை சத்தம் குறைந்த இடம். சுவர் முழுக்க மரத்தில் செய்த பம்பு உடல்கள், கியர் பெட்டிகள், வால்வுகள் தொங்கின. மேஸ்திரி அறுபதைக் கடந்தவர். நான் விரித்த வரைபடத்தின் மேல் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் குனிந்தார். வடிவத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"எத்தனை பீஸ் வேணும் அம்மணி?"

பேட்டர்ன் எந்தப் பொருளில் வரும் என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது. ஒன்றே ஒன்று போதுமென்றால் தெர்மாகோலில் செதுக்கி மணலில் புதைத்து, அதன் மேலேயே இரும்பை ஊற்றிவிடலாம். தெர்மாகோல் எரிந்து போகும், இரும்பு அந்த இடத்தில் நிற்கும். பத்து, ஐம்பது என்றால் மரம். ஆயிரக்கணக்கில் என்றால் மணல் உரசியே மரம் தேய்ந்துவிடும், அலுமினியம் வேண்டும். அந்த அலுமினியப் பேட்டர்னை வார்க்க முதலில் மரத்தில் ஒன்று செய்ய வேண்டும். அதற்கு அலுமினியச் சுருக்கம், இரும்புச் சுருக்கம் இரண்டையும் கூட்டி வைத்த அளவு. சில உருப்படிகள் செய்து வீடுகளில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். "அப்பத் தேக்குலயே போட்டுக்கலாம்" என்றார்.

அடுத்த கேள்வியில்தான் வெகுநேரம் போனது. "இத எந்தப் பக்கமா உருவறது?"

என் துருவியின் உடலில் ஒரு அகன்ற அடி, அதிலிருந்து எழும் உள்ளீடற்ற தூண், தூணின் உச்சியில் தண்டைத் தாங்கும் படுக்கைவசமான உருளை. மணலில் பதித்த பேட்டர்னை மணல் உதிராமல் வெளியே எடுத்தாக வேண்டும். படுக்க வைத்துப் பதித்தால், பேட்டர்னை நீளவாக்கில் இரண்டு பாதியாகச் செய்து மேல் பெட்டிக்கு ஒன்று, கீழ் பெட்டிக்கு ஒன்று என்று பிரிக்கலாம். உருளை தொல்லை தராது. ஆனால் தூணின் உள்வெற்றிடத்துக்குத் தனியாக ஒரு மணல் கட்டி, அதாவது கோர், செய்து உள்ளே வைக்க வேண்டும். அந்தக் கோரை ஒரு முனையில் மட்டுமே பிடித்து நிறுத்த முடியும். இரும்பு வந்து நிறையும்போது அது மிதந்து தூக்கிக்கொண்டால் ஒரு பக்கச் சுவர் தடிக்கும், மறுபக்கம் மெலியும். நிற்க வைத்துப் பதித்தால், அடிப்பக்கம் திறந்திருப்பதால் மணலே உள்ளே புகுந்து நின்றுகொள்ளும், கோரே வேண்டாம். அப்போது உருளை தடுக்கிறது. அதன் வயிற்றுக்குக் கீழே சிக்கிய மணலை இழுக்காமல் பேட்டர்ன் வெளியே வராது.

மேஸ்திரி பென்சிலை எடுத்து உருளையின் இரு முனைகளிலிருந்தும் அடிவரை இரண்டு கோடு இழுத்தார். "இதுக்குக் கீழ சதை குடுத்துருங்க. தோள்லேர்ந்து அப்படியே எறங்கட்டும். உள்ளயும் அதே மாதிரி வழிச்சுவிட்டா தடிமன் ஒரே சீரா இருக்கும்."

தடிமன் சீராக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. தடித்த இடம் கடைசியில் ஆறும். அதற்குள் சுற்றிலும் இறுகிப்போயிருப்பதால், சுருங்குகிற அந்த நடுப்பகுதிக்கு இரும்பு வந்து சேராது, உள்ளே குழி விழும். இரண்டு கோட்டில் துருவியின் முகமே மாறியது. தூணின் மேல் உருளையை ஒட்டவைத்ததுபோல் இருந்த உடல், தோளிலிருந்து அடிவரை ஒரே இறக்கமாக வந்துவிட்டது. தேங்காயை அழுத்தும் விசை இறங்குவதும் அந்தப் பாதையில்தான். இந்த வடிவத்தை நான் கணினியில் எத்தனை நாள் உருட்டியிருந்தாலும் எட்டியிருப்பேன் என்று சொல்ல முடியாது. உருவுவது எப்படி என்ற கேள்வியிலிருந்து பிறந்த வடிவம் அது.

நேர்ச் சுவர்களை அவர் ஒன்றுவிடாமல் சரித்தார். வெளிப்பக்கம் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி. ஆழமான உள்பக்கம் அதைவிடக் கூட. ஏனென்று கேட்டேன். "சின்ன வயசுல கொட்டாங்குச்சில மண்ணு ரொப்பிக் கவுத்து இட்லி சுட்டிருப்பீங்கல்ல? பொதுக்குனு வந்துரும். அதையே நேர் டம்ளர்ல போட்டுக் கவுத்துப் பாருங்க, ஒடைஞ்சுதான் வரும்." தண்டு போகும் துளையை அடித்துவிட்டார். சின்னத் துளைகளை வார்ப்பில் கொண்டுவருவதைவிட, கெட்டியாக வார்த்துப் பிறகு டிரில் போடுவது சுளுவு, அளவும் சுத்தமாக வரும். அடிப்பாகத்தைக் கடைந்து சமப்படுத்த வேண்டியிருப்பதால் அங்கே மூன்று மில்லிமீட்டர் கூடுதல். உள்மூலைகள் எல்லாவற்றையும் உருட்டினார், கூர்மூலையில் இரும்பு விரிசல் விடும் என்பதால்.

துருவியின் உயரம் 240 மில்லிமீட்டர். அவரும் 240 என்றுதான் குறித்தார், அவருடைய கோலில். என் ஸ்கேலில் அது 242.4.

பேட்டர்ன் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இழைப்புளி ஓடிய பின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்ப்பார். சரிவு குறைந்த இடத்தில் விரல் நிற்கும், அங்கே மறுபடி அரம். பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, வண்ணம் அடித்தபோது மரம் என்றே தெரியவில்லை. கடைய வேண்டிய முகத்துக்கு மட்டும் வேறு நிறம், லேத்காரர் கேட்காமலே புரிந்துகொள்ள.

சுவரில் தொங்கிய பம்பு உடல் ஒன்றை இறக்கிக் காட்டினார். நத்தை ஓடாக விரிந்துகொண்டே போகும் நீர்ப்பாதை, அதற்குள் வைக்கும் கோரை உருவாக்க இரண்டாகப் பிரியும் கோர் பெட்டி. இதுபோன்ற மரங்களின் மேல்தான் இந்த ஊர் எழுந்தது. 1888இல் ஸ்டேன்ஸ் என்பவர் தொடங்கிய ஆலையைத் தொடர்ந்து பஞ்சாலைகள் பெருகின. 1930களில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் கிணறுகளுக்கு மோட்டாரும் பம்பும் தேவைப்பட்டன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டாரை இங்கேயே செய்துகாட்டினார்கள். 1955இல் பி. சபாபதி மாவரைக்கும் கல்லை மோட்டாரோடு இணைத்து வெட் கிரைண்டரை உருவாக்கினார். மோட்டாரின் கூடு, பம்பின் உடல் என்று எத்தனையோ உறுப்புகள் மணலில் வார்த்தவை. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் மரத்தில் பேட்டர்ன் செய்திருக்கிறார். கோவைத் தொழில் வரலாறு என்று நான் படித்த எதிலும் அவர்களில் ஒருவர் பெயரைக்கூடப் பார்க்கவில்லை.

வடிவமைப்பு மாணவர்கள் முதலாண்டிலேயே அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியின் 1958ஆம் ஆண்டு இந்திய அறிக்கையைப் படிக்கிறோம். சாதாரணச் சொம்பை எடுத்துக்கொண்டு, இதைத் தனியொருவர் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து வடிவமைத்தன என்று வியந்திருப்பார்கள். அந்த அறிக்கைக்குப் பின் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனமே வந்தது. பெயர் தெரியாத அந்தக் கைகளை வகுப்பில் போற்றுகிறோம். உயிரோடு, பெயரோடு, நகரப் பேருந்தில் போய்ச் சேரும் தூரத்தில் அதே வேலையைச் செய்கிறவர்களை ஆசிரியர்களாக நினைப்பதில்லை. இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பேட்டர்னோடு பவுண்டரிக்குப் போனோம். பகல் முழுக்க அச்சு அடித்துவிட்டு மாலையில் ஊற்றுவார்கள். மணல், பென்டோனைட் களிமண், நிலக்கரித்தூள், தண்ணீர் கலந்த கரிய மண்ணை அச்சடிக்கும் மோல்டர் ஒரு பிடி எடுத்து நெரித்து, இரண்டாக ஒடித்துப் பார்த்தார். ஈரம் கூடினால் நீராவி கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும், குறைந்தால் அச்சு உதிரும். பெட்டிக்குள் பேட்டர்னை வைத்து மண்ணை இடித்து, கம்பியால் காற்று போக வழி குத்தி, பேட்டர்னை லேசாகத் தட்டி அசைத்து மேலே தூக்கினார். ஒரு மணல் துகள்கூட உதிரவில்லை. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார்.

ஊற்றும்போது இரும்பு 1,350 டிகிரிக்கு மேல் இருக்கிறது. உருகிய இரும்பு நிறைந்த லேடிலைத் தூக்கி வந்த இருவரும் பீகார்க்காரர்கள். கோவை பவுண்டரிகளில் பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் பல உலைகள் எரியாது. கோர் செய்யும் பகுதியில் பெண்கள் இருந்தார்கள். சோடியம் சிலிகேட் கலந்த மணலைப் பெட்டியில் அடைத்துக் கரியமில வாயு செலுத்தினால் நொடிகளில் கல்லாகிவிடுகிறது. மறுநாள் அச்சை உடைக்கும் இடத்தில் தூசி புகையாக நின்றது. அந்த மணல் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. அங்கே பலர் முகத்தில் கட்டியிருந்தது துண்டுதான். துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. சரியான முகக்கவசமும் தூசி உறிஞ்சியும் உழைப்பவர்கள் கெஞ்சிப் பெற வேண்டியவை அல்ல.

வார்ப்புக்கு விலை கிலோ கணக்கில். எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று பில் போட்டார்கள். பேட்டர்னுக்குத் தனிக் கூலி உண்டு, அது மரத்துக்கும் வேலை நாளுக்கும். கோரே வேண்டாத வடிவத்தைக் கண்டுபிடித்துத் தந்த அந்தப் பென்சில் கோடு எந்தப் பில்லிலும் ஏறவில்லை. ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு கோர் மிச்சம், கோர் நகர்ந்து வீணாகும் வார்ப்புகளும் மிச்சம். அந்த மிச்சத்தை உருவாக்கியவருக்கு அதில் பங்கில்லை.

பட்டறையில் இப்போது சி.என்.சி. ரவுட்டர் ஒன்று இருக்கிறது. மேஸ்திரியின் தங்கை மகன் கணினியில் வரைந்து அதில் வெட்டுகிறார். உளி பிடிக்கப் புதிதாக யாரும் வரவில்லை. மேஸ்திரிக்கு அதில் மனக்குறை இருப்பதாகத் தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த மூலைல சரிவு பத்தாது, கூட்டு மாப்ளே" என்கிறார். மருமகன் கூட்டுகிறார். இயந்திரம் எந்த வடிவத்தையும் வெட்டித் தரும். எந்தப் பக்கமாக உருவுவது என்பதை இன்னும் அவர்தான் சொல்கிறார். அவருக்குப் பிறகு அதைச் சொல்ல அந்த மருமகனைப் போல நாலு பேராவது பக்கத்தில் இருந்து கற்றால்தான் உண்டு.

அடிப்பாகம் கடைந்து, துளை போட்டு, தண்டு மாட்டிய துருவி இப்போது மேடையில் அசையாமல் நிற்கிறது. இன்னும் எடை குறைக்கலாம், உள்பக்கம் இடம் இருக்கிறது. அடுத்த உருப்படிக்கு முன் பேட்டர்னின் உள்பக்கம் மரத்தைச் செதுக்கித் திருத்துவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

வடிவமைப்பு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் என்னோடு படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரைபடத்தை முடித்த பிறகு பட்டறைக்குப் போகாதீர்கள், அட்டையில் செய்து பார்க்கும் கட்டத்திலேயே போங்கள். ஊற்றும் நாள் எதுவென்று கேட்டுக்கொண்டு போனால் முழுவதையும் பார்க்கலாம். உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு அவர்களுடைய நாள்கூலியைக் கணக்கிட்டுக் கொடுங்கள், கல்லூரிகள் அதற்கு நிதி ஒதுக்கட்டும். வரைபடத்தின் மூலைக் கட்டத்தில் வரைந்தவர், சரிபார்த்தவர் பெயர்களுக்குக் கீழே பேட்டர்ன் செய்தவர் பெயருக்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.