ஆற்று வளைவிற் கண்ட போர்வைகள்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்திலே அலபாமா என்னும் மாநிலம் உளது. அம்மாநிலத்தின் பெயரையே தாங்கிய ஆறு ஓரிடத்தில் குதிரை லாடம் போல வளைந்து செல்கின்றது. அவ்வளைவினுள்ளே, மூன்று பக்கமும் நீர் சூழ அமைந்த சிற்றூர் ஜீஸ் பெண்ட். கம்டன் பட்டினத்துத் துறையிலிருந்து, வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையொன்றில் நாம் அக்கரை சேர்ந்தோம். மட்டக்களப்பு வாவியிற் ‘பாதை’ ஏறிப் பழகிய அன்பர்களுக்கு இப்பயணம் புதுமையாகத் தோன்றாது. ஆயின் இம்மிதவை 2019 முதல் மின்கலத்தினால் ஓடுவது. ஏறத்தாழக் கால்மணி நேரத்திற் கரை வந்துவிடுகின்றது.

இச்சிறு பயணந்தானும் அவ்வூரவர்க்கு 44 ஆண்டுகள் கிட்டாதிருந்தது. அவர்கள் பருத்தித் தோட்டத்து அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள். 1845இல் அத்தோட்டத்தை வாங்கிய பெற்வே என்பவரின் பெயரையே இன்றும் பலர் குடும்பப் பெயராகச் சுமக்கின்றனர். வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள அவர்கள் கம்டனுக்குச் செல்லத் தலைப்பட்டனர். 1962இல் மிதவை நின்றது. மீண்டும் ஓடத் தொடங்கியது 2006இல். இடைக்காலத்தில் ஆற்றைச் சுற்றி ஏறக்குறைய 40 மைல் தரைவழியே செல்லவேண்டியிருந்தது.

இத்தகைய ஊரிலே துணி வீசியெறியத்தக்க பொருளன்று. அந்நாளைய வீடுகள் பலகையாலானவை. இடுக்குகளூடே குளிர்காற்றுப் புகும். சுவர்களிற் பத்திரிகைத் தாள்களை ஒட்டினர். படுக்கையிலே போர்வைகளை அடுக்கினர். கிழிந்த வேலைச் சட்டை, காற்சட்டை, மாச்சாக்கு, உரச்சாக்கு யாவற்றையும் துண்டுகளாக்கி இணைப்பது மேற்புறம். அதன்கீழ்ப் பஞ்சைப் பரப்பி, அடியில் வேறொரு துணியிட்டு, மூன்றும் ஒன்றாய்ப் பிணையும்படி கையாற் தைப்பர். இதனையே ஆங்கிலத்திற் ‘குவில்ற்’ என்பர். பருத்தி ஆலையின் நிலத்திற் கூட்டியெடுத்த பஞ்சைத் தடியால் அடித்துப் பதமாக்கியதும் உண்டு.

இவற்றுள் எம் நெஞ்சை விட்டகலாதது 1942இல் மிசூரி பெற்வே என்னும் பெண்மணி தைத்தது. கணவர் மறைந்தபின் அவருடைய வேலையுடைகளையே எடுத்து, அவர் நினைவாகத் தாம் போர்த்துக்கொள்வதற்கென்று அதனைச் செய்தார். அவருடைய மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் இச்செய்தியை எடுத்துரைத்தார். 90 அங்குல நீளமும் 69 அங்குல அகலமுமான அப்போர்வை இப்பொழுது வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்திற்கு உரியது.

2002இல் ஹியூஸ்ரன் நகரத்து அரும்பொருட் காட்சியிலே இவ்வூர்ப் போர்வைகள் வைக்கப்பட்ட நாள்முதல், அறிஞர்கள் அவற்றை நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டுப் புகழ்கின்றனர். புகழட்டும். எமக்கோ அவ்வொப்பீடு அத்துணை அவசியமாகப் படவில்லை. வேலையுடைப் போர்வையொன்றை அணுகிப் பாருங்கள்: முழங்கால் தேய்ந்த இடம் வெளிறியிருக்கும்; பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் பழைய நீலம் மாறாதிருக்கும். வெயிலிலே குனிந்து நின்ற ஒருவரின் உடல் அங்கே எழுதப்பட்டிருக்கின்றது.

இன்று மேனாடுகளில் இத்தகைய நினைவுப் போர்வைகளுக்கு மிகுதியும் பயன்படுவது ரீ சேட்டு. இறந்தவரின் சட்டைகளை வீட்டார் பொதிந்து கொடுக்க, வேறொருவர் தைத்துக் கொடுக்கின்றார். வேலை எளிதன்று. பின்னற்துணியாதலால் வெட்டியவுடன் இழுபட்டுச் சுருளும். கழுத்துப்பட்டிக்குள் வைக்கும் கன்வசு போன்ற மெல்லிய ஒட்டுத்துணியை உட்புறத்தில் வைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியாற் சூடாக அழுத்தியபின்பே சதுரங்களாக வெட்டல் வேண்டும். அச்சிட்ட படத்தின்மேல் நேரே சூடு படலாகாது.

அதனினும் அரியது, கத்தரிக்கோலை எடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி. தன் கணவர் சட்டையைத் தானே வெட்டிய மிசூரிக்கு ஒருவரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை; பிறர்க்காகத் தைப்பவர் நிலை அவ்வாறன்று. வெட்டுவதற்குமுன் துவைப்பது வழக்கம். துவைத்தால் அழுக்கோடு ஆளின் வாசனையும் போய்விடும். ஆதலால் வீட்டாரை முதலிற் கேட்டுக்கொள்ளல் முறை. ஒரு சட்டையைத் துவையாமலும் வெட்டாமலும் தம்மிடமே வைத்திருக்க அவர்கள் விரும்பினால், அதனை அப்படியே மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 12 சதுரத்துக்குப் பதிலாக 11. எஞ்சிய இடத்துக்கு ஒரு வெறுந்துணி போதும்.