வெட்டுத்துணியும் கூலிக் கணக்கும்

ஜாக்கெட் தைக்கக் கொடுத்த துணியில் மிச்சம் விழும் துண்டு யாருக்குச் சொந்தம்? இந்தப் பஞ்சாயத்து பெரும்பாலும் தையல் கடை வாசலிலேயே முடிந்துவிடும். கறாரான அம்மாக்கள் அளவு ஜாக்கெட்டை நீட்டும்போதே “மிச்சத் துணியையும் உள்ள வச்சுக் குடுத்துருங்க” என்று சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் கேட்பதில்லை. கேட்காதவர்களின் துணிதான் கடை மூலையில் மூட்டையாகச் சேர்கிறது. 80 சென்டிமீட்டர் ரூபியாவில் முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி எல்லாம் வெட்டி எடுத்த பிறகு தரையில் விழுவது உள்ளங்கை அகலத் துண்டுகள், கழுத்து வளைவில் கழிந்த பிறை வடிவச் சில்லுகள், லைனிங் துணியின் நீளக் கீற்றுகள். பாதி மூட்டை டூவீலர் மெக்கானிக்குகளுக்கு எண்ணெய் துடைக்கப் போகும். மீதியைத் தேடி வருகிறவர்கள் பெண்கள்.

புதுக்கோட்டை டவுனில் அப்படி ஒரு மூட்டை கிளம்பியபோது நானும் பின்னாலேயே போனேன். அது அன்னவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. மூட்டையைக் கேரியரில் வைத்து, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டி மிதித்துக்கொண்டு போன அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். 1991-இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அவர் கல்யாணமாகாத பெண். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் பாவாடை தாவணியோடு கேலியையும் பொருட்படுத்தாமல் ஓட்டக் கற்றார்கள். “கையெழுத்து அப்புறமாத்தான் ஒழுங்கா வந்துச்சு. சைக்கிள் முதல்ல வந்துருச்சு” என்றார். இன்று அவருடைய மருமகளுக்கு ஸ்கூட்டி இருக்கிறது. மூட்டை எடுக்க மட்டும் சைக்கிள்தான் வசதி என்கிறார். பெட்ரோல் போட்டால் மூட்டை இலவசமாகக் கிடைத்து என்ன பிரயோசனம்?

வீட்டுத் திண்ணையில் கால்மிதி வைத்த பழைய கறுப்பு உஷா மெஷின். இரண்டு வீடு தள்ளி இன்னொரு மெஷின். அது சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுத்தது. அந்த வீட்டுப் பெண் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்க உறுப்பினர். சத்துணவு சாப்பிடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 ஜோடிச் சீருடை வழங்கப்படுகிறதே, அதில் ஒரு பகுதி இப்படிப்பட்ட வீட்டுத் திண்ணைகளில்தான் உருவாகிறது. வெட்டிய துணி கட்டாக வரும், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. சாப்பாட்டுக்கு அந்த வேலை. வெட்டுத்துணி வேறு கணக்கு. மதியச் சமையல் முடிந்து, மாலையில் தண்ணீர் பிடிக்கும் நேரம் வரை கிடைக்கும் இடைவெளி அதற்கு.

மூட்டையைப் பிரித்ததும் முதல் வேலை தரம் பிரிப்பது. சந்தேகமான துண்டிலிருந்து ஓர் இழையை உருவி, தீக்குச்சியைக் கிட்டக் காட்டினார். எரிந்து, காகிதம் கருகிய வாசனையோடு பொலபொலவென்று சாம்பலானால் பருத்தி. சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். இந்தச் சோதனை சும்மா இல்லை. அடுப்பில் இருக்கும் சட்டியை இறக்கும் பிடிதுணியில் பாலியஸ்டர் ஒரு கீற்று கலந்திருந்தாலும் சூட்டில் உருகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ரூபியாவும் லைனிங் காட்டனும் ஒரு பக்கம். சீருடைத் துணியும் சுடிதார் துண்டும் இன்னொரு பக்கம். அவற்றைக் கீற்றாகக் கிழித்து, சடை பின்னி, சடையை வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தைத்தால் வாசலில் போடும் கால்மிதி.

பிடிதுணிதான் எனக்கு ஆச்சரியம். நடுவில் இரண்டு அங்குலச் சதுரம் ஒன்று. அதன் ஒரு பக்கத்தில் ஒரு கீற்றை வைத்துத் தைத்து, விரித்து, இஸ்திரிப் பெட்டிக்குப் பதில் கட்டைவிரல் நகத்தால் தையல்மேல் அழுத்திக் கீறுகிறார். மடிப்பு படிந்துவிடுகிறது. அடுத்த பக்கத்துக்கு அடுத்த கீற்று. சதுரம் சுற்றிச் சுற்றி வளர்கிறது. அடியில் பழைய வேட்டியை நாலாக மடித்து வைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால் முடிந்தது. மூலையில் தொங்கவிட ஒரு நாடா. நாலு மடிப்புச் சேரும் இடத்தில் 16ஆம் நம்பர் ஊசி மக்கர் பண்ணும். அங்கே மட்டும் காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டுகிறார்.

“ஒவ்வொரு தையலும் ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் தின்னுரும் தம்பி. ரெண்டு இஞ்ச் துண்டு தைச்சு முடிச்சா ஒண்ணரை இஞ்ச்தான். நாலு பக்கமும் சேர்த்துப் பாத்தா பாதிக்குக் கிட்டத் துணி உள்ளயே போயிரும்.” துண்டு சிறுக்கச் சிறுக்கத் துணி குறைகிறது, தையல் கூடுகிறது. இந்தத் தொழிலின் பொருளாதாரம் முழுவதும் அந்தக் கால் அங்குலத்துக்குள் இருக்கிறது.

வீட்டுக்குள் போனால் இதே கணக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அலமாரிக்குத் திரை, டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, தலையணைக்கு உறை, அப்பத்தாவின் வெற்றிலைக்குச் சுருக்குப்பை. பேத்தியின் மரப்பாச்சிக்கு ஜரிகை வைத்த பாவாடை. ஜரிகை, யாரோ ஒருத்தியின் முகூர்த்த ஜாக்கெட்டிலிருந்து வந்தது. தலையணை உறையைக் காட்டி, “இது டீச்சரம்மா ஜாக்கெட்டு, இது எங்க அண்ணி வளைகாப்புக்கு எடுத்தது, இந்த ரோஸு யாருதுன்னு தெரியல” என்று அக்கா ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொண்டு போனார். இதை விற்பீர்களா என்று கேட்டதற்கு, அவர் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

இப்படி வீட்டுக்கென்று தைப்பது இங்கே மட்டும் இல்லை. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு கவந்தி என்னும் போர்வை தைக்கிறார்கள். மெஷின் கிடையாது. ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிக் கையால் தைப்பார்கள். நம் அக்கா நடுவிலிருந்து ஓரத்துக்கு வருகிறார். அவர்கள் நேர் எதிர். கவந்தியின் நாலு மூலையிலும் சிறு துணியை முக்கோணமாக மடித்துப் பூ என்று ஒன்று வைக்காவிட்டால் போர்வை முழுமையானதாகாது. எந்தப் பயனும் இல்லாத அந்தப் பூவுக்கும் ஒரு நேரம் செலவாகிறது. வீட்டுக்கென்று தைக்கும்போது அந்த நேரத்தை யாரும் கணக்கெழுதுவதில்லை, எழுதவும் கூடாது.

சிக்கல், இதே வேலையைப் பிழைப்பு என்று மேடையில் சொல்லும்போது வருகிறது. கழிவிலிருந்து காசு என்று பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் பலரும் துணி இலவசம் என்பதோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். 2021 டிசம்பர் 23-இல் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. நல்ல காரியம், சந்தேகமில்லை. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. துணிப்பை என்றால் பத்து ரூபாய் என்று மக்கள் மனதில் விலை பதிந்துபோனது. முழுத் துணியில் வெட்டி, வரிசையாக அடித்துத் தள்ளும் பைக்கு அந்த விலை சரியாக இருக்கலாம். ஒட்டுத்துணிப் பை அப்படி இல்லை. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். அந்தக் கூலி தேற வேண்டுமானால், நூலும் கரண்டும் சும்மா வந்தால்கூட, பத்து ரூபாய் விலையில் ஒரு நாளைக்கு 32 பை முடிக்க வேண்டும். துண்டு சேர்த்துத் தைக்கும் பை ஒன்றுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரவு பகல் ஓயாமல் 24 மணி நேரம் தைத்தால்தான் 32 வரும்.

“அதுக்கு நாலு ஜாக்கெட்டுக்கு ஹூக் வச்சுக் குடுத்தாலும் கையில காசு” என்றார் சங்கத்துப் பெண். அவர் சொன்னதுதான் சரி.

இதற்கு யோசித்துப் பதில் கண்ட இடமும் நம் கடற்கரையில்தான் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் அக்கம்பக்கத்து மீனவப் பெண்களுக்கு ஆடைத் தொழிலில் மிஞ்சும் துண்டுகளைக் கொண்டு விரல் அளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர் சுனாமிகா. பொம்மையை விற்கவில்லை, சும்மா கொடுத்தார்கள். வாங்கியவர்கள் விரும்பித் தந்த நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி போனது. லட்சக்கணக்கான பொம்மைகள் பல நாடுகளுக்குப் போயின. எல்லா ஊரிலும் இது நடக்காது, எனக்குத் தெரியும். ஆனால் பொருளுக்கு விலை போடாமல் நேரத்துக்குக் கூலி கொடுத்த அந்த ஏற்பாட்டை நம் பயிற்சிக்காரர்கள் ஒரு தடவையாவது படித்துப் பார்க்கலாம்.

அன்னவாசல் பக்கம் இந்தப் பெண்களுக்கு நல்ல கூலி கிடைக்கும் ஒரே வேலை இப்போது தாம்பூலப் பைதான். வளைகாப்பு, காதுகுத்து, கல்யாணம் என்று சொல்லிவைத்து ஆர்டர் கொடுக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டு, பெண் வீட்டு ஜாக்கெட் மிச்சங்களையே கொடுத்து, பையின் வெளிப்புறத்தில் ஒரே ஒரு கட்டம் ஒட்டுவேலை, மீதி முழுத் துணி என்று தைக்கச் சொல்கிறார்கள். வேலை கால் மணி நேரமாகக் குறைகிறது, பையும் பார்க்க லட்சணமாக இருக்கிறது. இந்த யோசனை அக்காவுடையது.

உங்கள் வீட்டில் விசேஷம் வருகிறதென்றால் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போதே மிச்சத் துணியைக் கேட்டு வாங்குங்கள். பருத்தியைத் தனியாக எடுத்து வையுங்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் ஊர்த் தையல்காரப் பெண்ணிடம் கொடுங்கள், கடைசி வாரத்தில் அல்ல. பைக்கு என்ன விலை என்று கேட்காதீர்கள். ஒன்று தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு, அந்த நேரத்துக்குக் கூலி பேசுங்கள்.