அம்மா விட்டு வந்த சடக்கு

"ஓடுறதுக்கு ஒனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

சனிக்கிழமை இரவு சப்பாத்துக்கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார். மறுநாள் காலை சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஓடப் போவதாகச் சொல்லியிருந்தேன். அது அம்மா பிறந்த தோட்டம். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போ புந்தோங்குக்கு வந்துவிட்டது. "அங்கேர்ந்து வெளியே வரத்தான் எங்கம்மா அவ்ளோ பாடுபட்டாங்க. நீ காச செலவு பண்ணி எண்ணெய் ஊத்தி அங்கயே போறே" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டார்.

வாரத்தில் ஐந்து நாள் தலைநகரில் காலை வானொலி நிகழ்ச்சி. ஊர் எழும்பும்போது நான் ஒலிவாங்கியின் முன்னால் சாலை நெரிசலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். ஆகவே என் ஓட்டமெல்லாம் சனி, ஞாயிறில் ஈப்போவில்தான். வெள்ளிக்கிழமை மாலை இடிஎஸ் ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் வீடு.

என்னோடு படித்த தோழி ஒருத்தி இப்போது பிரான்சில் இருக்கிறாள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் படங்களை அனுப்பிக்கொண்டே இருப்பாள். அங்கே மெடோக் என்ற வட்டாரத்தில் ஒரு மராத்தான் நடக்கிறது. வழியில் தண்ணீரோடு ஒயினும் கொடுப்பார்கள், ஓடுகிறவர்கள் வேடம் போட்டுக்கொண்டு வருவார்கள். படங்களைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். ஆனால் வரிசை வரிசையாக நட்ட கொடிகள், நடுவே மண்பாதை, தூரத்தில் ஒரு பழைய மாளிகை என்று பார்க்கப் பார்க்க, 'இது நம்ம ஊர்லயும் இருக்கே' என்று தோன்றியது. நம் மாளிகை பத்து காஜா பக்கத்தில் இருக்கிறது. வரிசைகளோ எல்லாப் பக்கமும்.

புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் ஈப்போ நகரிலேயே சுல்தான் அப்துல் அசிஸ் பூங்காவில் தொடங்கலாம். அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது, போலோ கிரவுண்ட் என்றால்தான் தெரியும். மரநிழல், சமதரை, நிறைய ஆட்கள், பயமில்லை. பத்து முறை சுற்றிய பிறகு எனக்கு அலுத்துவிட்டது. உங்களுக்கும் அலுக்கும்.

அலுத்தவர்கள் கெல்லிஸ் காசலுக்குப் போகலாம். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பரில் பணம் பார்த்த வில்லியம் கெல்லி ஸ்மித், 1915 வாக்கில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. மதராசிலிருந்து ஆட்களை வரவழைத்துக் கட்டினார். முதல் உலகப்போரை ஒட்டிப் பரவிய விஷக்காய்ச்சலில் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று கேட்க, அவரும் கட்டிக்கொடுத்தார். 1926-இல் அவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது.

சுற்றுலாப் பேருந்துகள் மாளிகையோடு திரும்பிவிடும். சற்றுத் தள்ளியிருக்கும் அந்தக் கோயிலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். கோபுரத்தில் சாமிகளுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்பார். அவர்தான் கெல்லி ஸ்மித் என்கிறார்கள். மாளிகையில் யாரும் ஒரு நாள்கூட நிம்மதியாகக் குடியிருக்கவில்லை. கோயிலில் இன்னும் விளக்கு எரிகிறது. கோப்பெங் சாலையில் லோரிகள் வேகமாகப் போகும் என்பதால் அங்கே சாலையோர ஓட்டம் வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு உள்பாதைகளில் ஓடுங்கள்.

இனி நேரத்தைப் பற்றி. வானொலிக்காரி, மணி சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும். ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் முதல் கிலோமீட்டர் இருட்டிலும் மிச்சம் பனியிலும் போகும். எட்டரைக்கு மேல் ஓடினால் வெயில் உங்களைத் துரத்தும். அம்மாவோ, "அப்பல்லாம் ஆறரைக்கே வெளுத்துடும்" என்பார். நான் பல தடவை மறுத்திருக்கிறேன். பிறகுதான் உறைத்தது. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். அம்மாவின் ஆறரை என்னுடைய ஏழு. நாங்கள் இருவரும் ஒரே விடியலுக்குத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த விடியலுக்கு முன்னாலேயே பாட்டி மரத்தடியில் நின்றாக வேண்டும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வெட்டு சீக்கிரம் உறைந்துவிடும். இருட்டில் பெரட்டு, தலையில் விளக்கு, இடுப்பில் கொசுவத்தி, கையில் பால்வெட்டும் கத்தி. பிறகு மங்கு மங்காகப் பால் சேர்த்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் ஏற்றி ஸ்டோருக்கு நடை.

இதற்கெல்லாம் தொடக்கம் பேராக்கில்தான் என்று சொல்லலாம். 1877-இல் கோலகங்சாரில் ரெசிடென்ட் ஹியூ லோ நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலி போட்டு நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம்தான், ஓட்டம் முடிந்து பசியாறப் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம்.

ரப்பர்க் காட்டில் ஓடுவதும் புதிதல்ல. 'ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்று இன்று உலகம் முழுக்க இருக்கும் ஓட்டக் குழு, 1938-இல் கோலாலம்பூரில் சில வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்தது. காகிதத் துண்டுகளைப் போட்டு வழி அடையாளம் வைத்து, ரப்பர்த் தோட்டங்களுக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஓடிவிட்டு, முடிவில் பீர் குடிப்பார்கள். காலையில் நம்மவர்கள் வாளி சுமந்து நடந்த பாதைகளில் மாலையில் அவர்கள் விளையாட்டுக்கு ஓடியிருப்பார்கள். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அம்மாவின் தோட்டத்தில் இப்போது ஒரு பால்மரம்கூட இல்லை. எல்லாம் செம்பனை. பெயரை எழுதாததற்குக் காரணம் பின்னால் வரும். நுழைவாயிலில் காவலரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். எந்தத் தோட்டமானாலும் கேட்காமல் நுழையாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். என்னோடு புந்தோங்கிலிருந்து ஒரு சிநேகிதி வருவாள். நாய் வந்தால் ஓடக்கூடாது, நிற்க வேண்டும். ஓடவென்று போய் நிற்பது கடினம்தான், ஆனாலும் நில்லுங்கள். உதிரிப் பழம் கிடக்கும் இடங்களில் கால் வழுக்கும். மற்றபடி, செம்மண் சடக்கு முழங்காலுக்கு அவ்வளவு இதம். பனை ஓலைகளுக்கு நடுவே சுண்ணாம்பு மலைகள் நீலமாகத் தெரியும். மோட்டார் சைக்கிளில் வரும் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் என்னைப் பார்த்து ஒவ்வொரு வாரமும் கையாட்டுவார். ஓடுகிறவளைப் பைத்தியம் என்று நினைக்கிறாரோ என்னவோ.

ஆறு மாதம் இப்படி ஓடிய பிறகு, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா தானாகவே காரில் வந்து உட்கார்ந்தார். காரணம் சொல்லவில்லை. தோட்டத்துக்குள் போனதும் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. கோயில் தெரிந்த பிறகுதான் கதவைத் திறந்தார். லயன் வீடுகள் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டன. நாலு தென்னை, ஒரு மாமரம், எங்கும் போகாத சிமெண்டுப் படிகள் மூன்று. நான் அந்தப் படியில் கால் வைத்துத்தான் வழக்கமாகத் தசைநார்களை நீட்டுவேன்.

"இது ஆயாக்கொட்டகை படி" என்றார் அம்மா. "என்னைய இங்கதான் விட்டுட்டுப் போவாங்க."

பெரட்டுக் களம் எது என்று கேட்டேன். நான் வண்டி நிறுத்தியிருந்த இடத்தைக் காட்டினார்.

பாட்டியின் நிரை எங்கே இருந்தது என்று அடுத்துக் கேட்டேன். கையை நீட்டி, "அந்த மேட்டைத் தாண்டி, ஓடைக்கு அந்தாண்ட" என்றார். சேர்ந்து நடந்தோம். அறுபதைத் தாண்டிய அம்மா, ரப்பர்ச் செருப்போடு எனக்கு முன்னால் போனார். வளைவு எங்கே வரும், பள்ளம் எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மரம் மாறியிருக்கிறதே தவிர சடக்கு மாறவில்லை. ஓடையை அடைந்தபோது என் கைக்கடிகாரம் 2.9 கிலோமீட்டர் காட்டியது. அங்கிருந்து ஸ்டோர் இருந்த இடம், அங்கிருந்து லயன் என்று சுற்றி முடித்தபோது 7.4.

"பாட்டி தினமும் இவ்ளோ நடந்தாங்களாம்மா?"

"இது போக வர்ற தூரந்தான். மரத்துக்கு மரம் நடந்தத யாரு அளந்தா?"

வாளிகளோடு, என்று சேர்த்துக்கொண்டார். நான் ஏழு கிலோமீட்டர் ஓடியதாகப் படம் போட்டு விருப்பக்குறி வாங்கிய ஞாயிறுகள் நினைவுக்கு வந்தன. ஒன்றும் பேசவில்லை.

திரும்பும் வழியில் வாயிலில் புதுப் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். வீடமைப்புத் திட்டம். ஆண்டு இறுதியோடு உள்ளே செல்ல அனுமதியில்லை. கோயிலுக்கு மாற்றிடம் பற்றிப் பேச்சு நடக்கிறதாம், இந்த நேரத்தில் பெயர் போட்டு எழுதி அதைக் குழப்ப எனக்கு விருப்பமில்லை.

அன்றிரவு கைப்பேசியில் ஓட்டப்பாதையைத் திறந்து அம்மாவிடம் காட்டினேன். பச்சை வெளியில் ஒரு சிவப்புக் கோடு, பெயர் எதுவும் இல்லை. அவர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகக் குறித்தேன்: பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, கிராணி வீடு, ஸ்டோர், பாட்டி நிரை. கிணற்றில்தான் தகராறு. மாமரத்துக்குக் கிழக்கே என்றார், பிறகு இல்லை, மேற்கே என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"போனில பாத்தா வெளங்காது. அடுத்த வாரம் எத்தன மணிக்குக் கெளம்புறே?"

ஆறே முக்கால் என்றேன்.

"புது மணியா, பழைய மணியா?"