விடுமுறைக்குப் பின் வரும் முதல் வகுப்பு



கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து, நம் பிள்ளைகள் கல்லூரிகளுக்குத் திரும்பும் வாரம் இது. பெட்டியில் துணிமணிகளையும் முந்திரிக்கொத்தையும் அடுக்கி, நாகர்கோவிலில் அவர்களை ரயில் ஏற்றிவிடுகிறோம். அவர்கள் மனத்தில் சுமந்து செல்வதைப் பல வேளைகளில் நாம் அறிவதில்லை.

புத்தாண்டு ஆராதனைக்குப் பின், சென்னையில் கணினிப் பொறியியல் முதலாம் ஆண்டு பயிலும் நம் சபை மாணவர் ஒருவர் என்னைத் தனியே சந்தித்தார். பள்ளிப் படிப்பு முழுவதையும் தமிழ் வழியில் பயின்றவர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர். "ஐயா, நான் எழுதின புரோகிராமே எனக்கு இப்போது புரியவில்லை. மூன்று வாரத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. திரும்பிப் போகவே மனம் வரவில்லை" என்றார்.

அவருடைய அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. முதல் பருவத்தில் அவருக்குப் பைத்தான் மொழி இருந்தது, இரண்டாம் பருவத்தில் சி மொழி வருகிறது. பைத்தானில் ஒரு பெயரை எழுதி அதற்கு மதிப்பைக் கொடுத்தால் போதும். சி மொழியிலோ, அந்தப் பெயர் எண்ணைத் தாங்குமா எழுத்தைத் தாங்குமா என்று முன்னதாகவே அறிவித்தாக வேண்டும். பழையது மறந்த நிலையில் புதியதும் வந்து நிற்கிறது.

அவருடைய நோட்டைத் திறந்து, ஒரு புரோகிராமை எனக்கு விளக்கும்படி கேட்டேன். மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டி, மிக உயர்ந்ததைக் கண்டறியும் சிறு புரோகிராம் அது. முதல் இரண்டு வரிகளில் தயங்கினார். ஐந்தாம் வரியில், "இந்த இடத்தில்தான் ஒவ்வொரு மதிப்பெண்ணாக எடுத்து ஒப்பிடுகிறது" என்று தாமே கூறினார். அரை மணி நேரத்திற்குள், அதில் தேவையற்ற ஒரு வரி இருப்பதையும் கண்டுபிடித்துவிட்டார்.

மறதி என்பது முற்றான இழப்பன்று. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்காஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, நாள்கள் கடந்தபின் மறுபடியும் அவற்றையே கற்று, தம் நினைவைத் தாமே சோதித்தார். 1885 இல் அவர் வெளியிட்ட முடிவுகள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. கற்றது விரைவில் மறைகிறது. ஆனால் மறுபடி கற்பதற்கு முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. நினைவுக்கு எட்டாததும் உள்ளே சுவடு பதித்திருக்கிறது.

நம் நாஞ்சில் நாட்டு விவசாயி இதை அறிவார். கன்னிப்பூ அறுவடைக்குப் பின் கும்பப்பூவுக்காக வயலை மறுபடியும் உழத்தான் வேண்டும். அதற்காகப் போன பூவில் பட்ட பாடு வீண் என்று அவர் சொல்வதில்லை. வரப்பும் வாய்க்காலும் அப்படியே இருக்கின்றன. நிபந்தனை, சுழற்சி, பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தல் ஆகியவை புரோகிராமிங்கின் வரப்பும் வாய்க்காலும் ஆகும். மொழி மாறினாலும் அவை மாறுவதில்லை.

ஓய்வு எடுத்ததற்காகவும் பிள்ளைகள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் கற்கும் பைத்தானே ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிறந்ததுதான். 1989 டிசம்பரில் அலுவலகம் மூடியிருந்த நாள்களில், நெதர்லாந்தின் கைடோ வான் ராசம் பொழுதுபோக்காக அதை எழுதத் தொடங்கினார். 1991 இல் அது வெளியாயிற்று.

1 இராஜாக்கள் 19 ஆம் அதிகாரத்தில், சோர்ந்துபோன எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து உறங்குகிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உண்ணக் கொடுத்து, மறுபடியும் உறங்க விடுகிறான். ஆயினும் கதை அங்கே முடியவில்லை. ஓரேபில், வந்த வழியே திரும்பிச் செல்லும்படி அவருக்குக் கட்டளை பிறக்கிறது. ஓய்வும் தேவன் தந்தது. திரும்பிச் செல்லும் வழியும் அவர் தந்ததே.

ஆகவே, பிள்ளைகளே, முதல் வகுப்புக்கு முந்தைய இரவில் பாடம் முழுவதையும் படித்து முடிக்க முயலாதீர்கள். பழைய புரோகிராம் ஒன்றை எடுத்து, பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். தடுமாறும் இடம் எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள். புரியாததை அந்த வாரமே ஆசிரியரிடமோ, உடன் பயில்பவரிடமோ கேளுங்கள். அரியராகும்வரை மறைத்து வைக்காதீர்கள். அடுத்த விடுமுறைக்குப் புறப்படுமுன், ஒவ்வொரு புரோகிராமின் தலைப்பிலும் அது என்ன செய்கிறது என்று ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். கணினி அதைப் பொருட்படுத்தாது. திரும்பி வரும் உங்களுக்கு அது உதவும்.

பெற்றோரே, இந்த வாரம் தொலைபேசியில் மதிப்பெண்ணைக் கேட்குமுன், "மக்களே, வகுப்பு எப்படிப் போகுது? ஏதும் கஷ்டமா இருக்கா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்வரை பொறுமையோடு காத்திருங்கள்.

திரும்பிச் செல்லும் நம் பிள்ளைகள் அனைவரையும் கர்த்தர் திடப்படுத்தி நடத்துவாராக. ஆமென்.