ஒப்புநோக்க ஓர் இரண்டாம் திரை

மொழியியல் கள ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் யாவை என்று கேட்டால், ஒலிவாங்கி, பதிவுக் கருவி, மடிக்கணினி என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறோம். களத்திலிருந்து திரும்பியபின் மாதக்கணக்கில் மேசையில் அமர்ந்து செய்யும் பணிக்கு என்ன வேண்டும் என்பதை எவரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் அதற்கு முதலில் வேண்டுவது மடிக்கணினியோடு இணைக்கும் ஒரு வெளித்திரை. நம் துறைகள் அதை ஆடம்பரமாகவே கருதுகின்றன. அது ஏன் ஓர் ஆய்வுக் கருவி என்பதையும், அதை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதையும் பின்வரும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் கோலாமி மொழிப் பதிவுகளோடு பணியாற்றுகிறேன். மகாராஷ்டிரத்தின் யவத்மால், தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதிகளில் வழங்கும் திராவிட மொழி அது. ஒரு நிமிடப் பேச்சை எழுத்தாக்கிப் பொருள் குறிக்க ஒரு மணி நேரம்கூட ஆகும். பேச்சைத் தொடர் தொடராகப் பிரித்தெழுத இலான் மென்பொருள் திறந்திருக்க வேண்டும். ஓர் உயிரொலி குறிலா நெடிலா என்று அளந்தறியப் பிராட் மென்பொருளின் ஒலி நிறமாலை வேண்டும். 1955இல் எமனோ வெளியிட்ட கோலாமி இலக்கணத்தையும், அவரும் பர்ரோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியையும் இடையிடையே பார்க்க வேண்டும். 14 அங்குலத் திரையில் ஒன்றைத் திறந்தால் மற்றொன்று மறைகிறது. மறைந்ததை நினைவில் தாங்கிக்கொண்டே எழுத வேண்டியிருக்கிறது. நினைவோ, நாம் எதிர்பார்த்த சொல்லையே காது கேட்டதாக நம்பவைத்துவிடும். பேசியவர் நெடிலாக ஒலித்தாரா என்பதை நிறமாலை சொல்ல வேண்டுமே தவிர, என் எதிர்பார்ப்பு சொல்லக் கூடாது.

இத்தேவை நமக்குப் புதிதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் ஏடுகளை ஒப்புநோக்கிய முறையை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஒரு பிரதியைப் படிப்பார். மற்றவர் வேறொரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பாட வேறுபாடுகளைக் கவனிப்பார். இரு சான்றுகளும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதுதான் அம்முறையின் உயிர். தனியே அமர்ந்து பணிசெய்யும் இன்றைய ஆய்வாளருக்கு அந்த இரண்டாம் ஏட்டின் இடத்தை இரண்டாம் திரை நிரப்புகிறது.

இனி அமைப்பைப் பற்றி. மடிக்கணினியில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒரு கேபிள் போதும். யூஎஸ்பி-சி துளை மட்டும் இருந்தால் சற்று எச்சரிக்கை தேவை. நம் இலக்கணத்தார் சொல்லும் 'பலபொருள் ஒரு சொல்' போன்றது அது. உருவம் ஒன்றே, ஆனால் சில துளைகள் மின்னேற்றமும் கோப்புப் பரிமாற்றமும் மட்டுமே செய்யும், சில படத்தையும் கடத்தும். டிஸ்ப்ளேபோர்ட் வசதியோ தண்டர்போல்ட் வசதியோ அத்துளைக்கு உண்டா என்பதைக் கணினியின் விவரக்குறிப்பில் உறுதிசெய்த பிறகே கேபிள் வாங்குங்கள். கேபிளுக்கும் இது பொருந்தும்: மின்னேற்றத்துக்கென்றே விற்கப்படுபவை பல படத்தைக் கடத்தா. விஜிஏ துளை மட்டுமே உள்ள பழைய திரை கிடைத்தாலும் ஒதுக்க வேண்டாம். எச்டிஎம்ஐ சமிக்ஞையை விஜிஏ சமிக்ஞையாக மாற்றும் சிறு மாற்றி ஒன்று இருந்தால் அதுவும் பயன்படும்.

இணைத்ததும் பெரும்பாலும் இரு திரையிலும் ஒரே காட்சி தெரியும். விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தால்தான் மேசை விரியும். பிறகு அமைப்புகளில் தெரியும் இரு கட்டங்களையும் உங்கள் மேசையில் திரைகள் உள்ள வரிசையிலேயே நகர்த்தி வையுங்கள். இல்லையேல் சுட்டி வலப்புறம் செல்ல வேண்டிய இடத்தில் முட்டி நிற்கும். ஒலியோடு பணியாற்றுவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். எச்டிஎம்ஐ வழியே ஒலியும் செல்வதால், கணினி சிலவேளை தானாகவே ஒலியைத் திரைக்கு மாற்றிவிடும். ஒலிபெருக்கி இல்லாத திரையாக இருந்தால் பதிவு திடீரென ஊமையாகும். ஒலி அமைப்பில் தலையணி கேட்பொறியை மீண்டும் தேர்ந்தால் போதும்.

எந்த அளவுத் திரை வாங்குவது என்று பலர் கேட்கிறார்கள். 24 அங்குலத் திரையின் பரப்பு 14 அங்குலத் திரையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த அளவில் 1920 × 1080 புள்ளிகள் போதுமானவை. 27 அங்குலத்தில் அதே எண்ணிக்கைப் புள்ளிகள் விரிந்து, எழுத்தின் விளிம்பு மங்கும். அதற்கு 2560 × 1440 நல்லது. பல்லொலியைக் காட்ட எழுத்தின் அடியில் இடும் சிறு குறி தெளிவாகத் தெரிவதும் தெரியாததும் நமக்குச் சிறிய வேறுபாடன்று. தகர மெய்க்கும் றகர மெய்க்கும் உள்ள எல்லை அங்கேதான் இருக்கிறது.

உடலையும் மறக்கலாகாது. மிகுதியாகப் பார்க்கும் திரை நேர் எதிரே, கை நீட்டும் தொலைவில் இருக்கட்டும். அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ அமையட்டும். உயரம் போதாவிடில் தடித்த அகராதிகள் இரண்டு தாங்கும். சாளர வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் கண் கூசாது. முனைவர் பட்டம் பெறும்போது கழுத்து வலியும் உடன் வருவதை இயல்பென்று ஏற்கப் பழகிவிட்டோம். அது இயல்பன்று.

இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அது கிடைக்காதோர்க்கு வழங்கும் நான்-நெட் உதவித்தொகை 8,000 ரூபாய் மட்டுமே. உணவும் களப்பயணமும் அதற்குள் அடங்க வேண்டிய ஒருவரிடம், சொந்தச் செலவில் திரை வாங்கிக்கொள் என்பது நியாயமாகாது. பல துறைகளின் கிடங்குகளில் பழைய திரைகள் தூசி படிந்து கிடக்கின்றன. ஒலிப்பதிவுக் கருவிகளை இரவல் தருவதுபோல் அவற்றையும் பதிவேட்டில் ஏற்றி மாணவர்களுக்கு வழங்கலாம். நெறியாளர்கள் அடுத்த துறைக் கூட்டத்தில் இதை எடுத்துரைத்தால், புதிய நிதி ஏதுமின்றியே சிலருடைய மேசையேனும் விரியும்.